புதுப்பிப்பு: 147573952589676412927-இன் காரணிகள்

முந்தைய பதிவில் இந்த 21 இலக்க எண், அதாவது 2⁶⁷ − 1, பகா எண் அல்ல என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதைப் பகா எண் என்றார். 1876-இல் லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகா எண் இல்லை என்று நிறுவினார், ஆனால் காரணிகள் அவர் கையில் சிக்கவில்லை. 1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் அவற்றை வெளியிட்டார்: 193707721 × 761838257287.

‘கணினி இல்லாத காலத்தில் எப்படித் தேடினார்கள்?’ என்று பலர் கேட்டிருந்தீர்கள். குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. 67 பகா எண் என்பதால், 2⁶⁷ − 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணிலிருந்தும் 1-ஐக் கழித்தால் மிச்சம் 134-இன் மடங்காகத்தான் இருக்கும். சரி, பார்த்துவிடலாம்: 193707720 ÷ 134 = 1445580. மீதியே இல்லை! இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வகுக்கும் அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். சின்னக் காரணிக்கு 1, பெரியதற்கு 7. இது தேட வேண்டியதில் பாதியைத் தள்ளிவிடும்.

அப்படியும் சின்னக் காரணியை எட்டுவதற்குள் ஏழு லட்சத்துக்கு மேல் வகுத்தல்கள் மிஞ்சும். கையால் செய்தால் கை ஒடிந்துவிடும். அதனால்தான் கோல் இருபடி எச்சங்களை, அதாவது வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை, பிடித்துக்கொண்டு இன்னும் சுருக்கமான வழியில் போனார். அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். அவர் வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார் என்று சொல்லப்படும் கதையை எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம், பெருக்கலைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பெருக்குங்கள்: 721 × 287 = 206927. முடிவு 927, பொருந்துகிறது.