வீட்ல கிட் வச்சு போடற பீர் ஒவ்வொரு தடவையும் சைடர் (ஆப்பிள்ல செய்ற மது) மாதிரி புளிக்குது, ஹெல்ப் ப்ளீஸ்

நுரைப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். 1.7 கிலோ டின் கிட் (டின்ல வர்ற கெட்டியான மால்ட் சாறு, அதாவது முளைகட்டின பார்லி சாறு), அதோட 1 கிலோ சர்க்கரை, மொத்தம் 23 லிட்டர், மூடிக்கு அடியில வர்ற ஈஸ்ட், எல்லாம் பேப்பர்ல போட்டிருக்கறபடியே தான் செய்றேன். ரூம் 26 டிகிரி இருக்கும். சானிடைஸ் பண்றதுல ரொம்ப கறார். ஆனாலும் குடிச்சா தண்ணியா இருக்கு, லேசா புளிப்பு, கடைசில நாக்குல ஒரு மாதிரி நிக்குது. பிராண்ட் மாத்தியும் அதே தான். கிட்னாலே இவ்வளவு தானா?

மால்ட் மாமா:
சர்க்கரை தம்பி, சர்க்கரை! நீங்க போடறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல வெறும் சர்க்கரை, ஈஸ்ட் அத முழுசா தின்னு ஆல்கஹாலாக்கிடும், வாய்க்கு ஒண்ணும் மிஞ்சாது. அந்த ஒரு கிலோவுக்கு பதிலா டிரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (பொடியாக்கின மால்ட் சாறு) போட்டு பாருங்க. டின்ல தேதியும் பாருங்க, பழசான எக்ஸ்ட்ராக்ட் கறுத்து போய் ஒரு பழைய வாடை குடுக்கும்.

ஏர்லாக்:
மாமா சொல்றது தண்ணியா இருக்கறதுக்கு சரி, ஆனா புளிப்புக்கு சர்க்கரை மேல மட்டும் பழி போடறத நான் ஒத்துக்க மாட்டேன். ரூம் 26னா உள்ள புளிக்கறப்ப 29, 30 கூட போகும், ஈஸ்ட் தானே சூடு கிளப்பும்ல. சில கிட்ல 27 வரைக்கும் ஓகேன்னு எழுதியிருப்பாங்க, அத நம்பாதீங்க, அது சீக்கிரம் முடியணும்னு எழுதறது, ருசிக்கு இல்ல. ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்னா உள்ள 18-20 இருக்கணும், அதுவும் முதல் மூணு நாள் தான் ரொம்ப முக்கியம். ஃப்ரிட்ஜ் இல்லன்னா பெரிய டப்ல தண்ணி ஊத்தி ஃபெர்மென்ட்டர (பீர் புளிக்கற பாத்திரத்த) அதுல உக்கார வச்சு, ஐஸாக்கின பாட்டில்கள மாத்தி மாத்தி போடுங்க, ஈரத்துணியும் சுத்திடுங்க. கிட் ஈஸ்ட் பாக்கெட்டும் சின்னது, 11.5 கிராம் சஃப்ஏல் யுஎஸ்-05 மாதிரி தனி ஈஸ்ட் பாக்கெட் ஒண்ணு வாங்கிக்கோங்க.

கசப்புக்காரி:
பிளாஸ்திரி வாடை அடிக்குதா? அடிச்சா தண்ணில இருக்கற குளோரின் தான். குளோரமைன்னா (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கொதிக்க வச்சாலும் லேசுல போகாது, கேம்ப்டன் மாத்திரை (குளோரின நீக்கற சல்ஃபைட் மாத்திரை) அரை போட்டா 23 லிட்டருக்கு தாராளம்.

நுரைப்பிரியன்:
இல்லக்கா, பிளாஸ்திரி வாடை இல்ல. பச்சை ஆப்பிள் வாடைன்னு சொல்லலாம். ஏர்லாக்ல (மூடி மேல கேஸ் வெளிய போற குழாய்ல) குமிழ் நின்னதும் பாட்டில்ல ஊத்திடுவேன்.

ஏர்லாக்:
அப்படி சொல்லுங்க! பச்சை ஆப்பிள்னா அசிடால்டிஹைட், அதாவது புளிக்கறப்ப நடுவுல உண்டாகற ஒரு பொருள்; ஈஸ்ட் வேலைய முடிக்கறதுக்குள்ள பீர அதுலருந்து பிரிச்சிட்டீங்க. குமிழ் நின்னா முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல. ஹைட்ரோமீட்டர் (பீரோட அடர்த்திய அளக்கற கருவி) மூணு நாள் ஒரே ரீடிங் காட்டணும், அதுக்கு மேலயும் ஒரு வாரம் ஈஸ்ட் மேலயே விடுங்க, ஈஸ்ட்டே அந்த அசிடால்டிஹைட திரும்ப தின்னு சுத்தம் பண்ணும். அடுத்த பேட்ச்ல டெம்பரேச்சர மட்டும் மாத்துங்க, மால்ட் அதுக்கப்புறம், ரெண்டையும் சேர்த்து மாத்தினா எது கைகுடுத்துச்சுன்னே தெரியாது.

நுரைப்பிரியன்:
சரி ப்ரோ. இப்ப பாட்டில்ல இருக்கறத கொட்டிடவா?

மால்ட் மாமா:
ஐயோ கொட்டாதீங்க! ஒரு மாசம் விடுங்க, ஆப்பிள் வாடை கொஞ்சம் அடங்கலாம். ஆனா சீக்கிரம் பாட்டில் பண்ணதால உள்ள கேஸ் ஏறிக்கிட்டே போகலாம், கண்ணாடி வெடிச்சா ஆபத்து. மூடி போட்ட பெட்டிக்குள்ள வச்சு வாரம் ஒரு பாட்டில் திறந்து பாருங்க, பொங்கி வழிஞ்சா மீதி எல்லாத்தையும் உடனே குளிர வச்சிடுங்க. எடுக்கறப்ப கிளவுஸும் கண்ணுக்கு கண்ணாடியும் போட்டுக்கோங்க.