உங்கட சின்னன் சபையில துணிஞ்சு வாய் திறந்து எல்லாரையும் சிரிக்க வைச்ச கதை ஏதும் இருக்கோ?

சுன்னாகத்து அம்மா:
நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனனாங்கள். ஆனி மாசச் சோழகக் காத்து எப்பிடி எண்டு தெரியும்தானே. குறிகட்டுவான் துறையில சனம் நெருக்கி ஏறி, நாங்கள் படகின்ர கீழ்த்தட்டில. துறையை விட்டு வெளிக்கிட்டதுதான், ஒரே ஆட்டம். பக்கத்தில இருந்த ஆச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "நாகபூசணி அம்மா, தாயே" எண்டு புலம்புறா. மற்ற ஒருதருக்கும் கதை இல்லை. என்ர மூத்தவள், ஐஞ்சு வயசு, ஆச்சியின்ர முழங்கையில தட்டிப் பெரிசாச் சொல்லுறாள்:

"பயப்பிடாதேங்கோ ஆச்சி. அம்மாள் கூப்பிட்டுத்தானே போறம், போய்ச் சேர்ந்திடுவம். திரும்பி வரேக்கைதான் யோசிக்கோணும்."

கீழ்த்தட்டு முழுக்கச் சிரிப்பு. ஆச்சி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. எனக்கு உள்ளுக்குப் பூரிப்பு, ஆனா பக்கத்தில மாமி. "பொம்பிளைப்பிள்ளைக்கு உந்த வாய் ஆகாது" எண்ட பார்வை. நானும் முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு இருந்தன். வீட்டை வந்து உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி நாவூறு கழிச்சது ஆரெண்டு நினைக்கிறியள்? மாமிதான்! அப்ப அவவுக்கும் பெருமைதானே? இண்டைக்கு வரைக்கும் வாய் திறந்து சொல்லேல்லை.

கோண்டாவில் அப்பா:
திரும்பி வரேக்கை என்ன நடந்தது?

சுன்னாகத்து அம்மா:
மேடம் ஆச்சியின்ர மடியில நல்ல நித்திரை.

கோண்டாவில் அப்பா:
என்ர மகன்ர கதை நல்லூர் முருகன் கோயில் திருவிழாவில. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா, தெரிஞ்ச விசயம். கும்பிட்டிட்டு வெளியில வந்து, இன்னும் சேட்டும் போடேல்லை, வேட்டியோட கச்சான் (நிலக்கடலை) கடையில நிக்கிறம். கடைக்கார அன்ரி விலை சொல்ல, இவன் இடுப்பில கை வைச்சு: "உள்ளுக்கு முருகனே ஒரு ரூபாதான் கேக்கிறார். நீங்கள் ஏன் அன்ரி இவ்வளவு கேக்கிறியள்?"

அன்ரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "முருகனுக்குக் கச்சான் வறுக்க விறகு வேண்டத் தேவையில்லை ராசா."

"அப்ப ருசி பாக்க ஒரு கை தாங்கோ."

ஒரு கை இல்லை, சுருள் நிறையக் குடுத்தா. காசு வேண்டமாட்டன் எண்டிட்டா. நான்தான் வைச்சிட்டு வந்தன். வரிசையில நிண்ட சனம் "ஆற்ற பிள்ளை, ஆற்ற பிள்ளை" எண்டு கேக்க, சொன்னா நம்பமாட்டியள், நெஞ்சு ரெண்டு அங்குலம் கூடினமாதிரி இருந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
படகுக் கதை நல்ல பகிடி. கச்சான் கதை எனக்குப் பிடிக்கவில்லை. திருவிழா நடக்கிற 25 நாளும் தூசிக்குள்ளும் வெயிலுக்குள்ளும் இருந்து உழைக்கிற மனிசியிடம் பிள்ளை கணக்குக் கேட்பதா துணிவு? அது வாய்காட்டல்.

இன்னுமொன்று. பிள்ளை ஒருமுறை சபையைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், கனடா மாமாவுக்கும் லண்டன் சித்திக்கும் வீடியோ கோல் எடுத்து, "அண்டைக்குச் சொன்னதை இன்னொருக்கால் சொல்லிக் காட்டு" என்று பிடித்து நிறுத்துவீர்கள். தானாக வந்த பகிடி பாடமாக்கின பேச்சாகிவிடும். பிறகு அதே பிள்ளை நாலாம் ஆண்டுக்கு வந்ததும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு, மாதிரி வினாத்தாள். "கதையாதை, படி" என்பீர்கள். முதலாம் ஆண்டில் மேசையில் ஏறி நின்று கேள்வி கேட்ட பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டில் ஒன்றுக்குப் போகக்கூட அனுமதி கேட்கத் தயங்கினதை நான் கண்டிருக்கிறேன். பாராட்டுவதென்றால் படுக்கப் போகமுன் வீட்டுக்குள் ஒரு சொல் சொல்லுங்கள். ஊரைக் கூட்டாதேயுங்கள்.

கோண்டாவில் அப்பா:
சேர், அந்த அன்ரி இப்ப ஒவ்வொரு வருசமும் "எங்க என்ர கணக்கப்பிள்ளை" எண்டு கேக்கிறா. அவவுக்கில்லாத கோவம் உங்களுக்கு ஏன்?

நெல்லியடியான்:
சண்டையை விடுங்கோ. விஜயதசமிக்கு எங்கட கடைக்குட்டிக்கு ஏடு தொடக்கினது. கோயில் மண்டபத்தில வரிசையா இருந்த பிள்ளையள் எல்லாம் அழுகை. இவன்ர முறை வர, ஐயர் விரலைப் பிடிச்சுத் தாம்பாளத்து அரிசியில "அ" எழுதப் போனார்.

"கையை விடுங்கோ ஐயா, நீங்கள் களைச்சுப் போனியள். நான் எழுதுறன்."

ஐயரும் விட்டிட்டார். இவன் ஏதோ ஒண்டைக் கிறுக்கி வைச்சான். "உது 'அ' மாதிரி இல்லையே தம்பி?"

"அவர் படுத்திருக்கிறார் ஐயா. எழும்பினா 'அ' தான்."

ஐயர் தலையைச் சரிச்சுத் தாம்பாளத்தைப் பாத்தார் பாருங்கோ, அதுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. வீடியோ எடுத்த மச்சான் சிரிச்ச சிரிப்பில மண்டபத்துக் கூரைதான் பதிஞ்சிருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்லதாப் போச்சு. கனடாவுக்கு அனுப்ப ஏலாது.