‘டான்ஸ் டு தி மியூசிக்’ ஆல்பம்: ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோமா?

பார்வதிபுரம் பேஸ் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாமைக் கேட்காமல் பேஸ் பழகுவதில் அர்த்தமில்லை என்று எங்கள் குழுவின் கீபோர்டு அண்ணன் அடிக்கடி சொல்வார். அதனால் கிரஹாம் வாசித்த ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘டான்ஸ் டு தி மியூசிக்’கை (1968) முழுமையாகக் கேட்டேன். தலைப்புப் பாட்டு கேட்டவுடனே பிடித்துவிட்டது. ஆனால் அடுத்து வரும் ‘ஹையர்’, பன்னிரண்டு நிமிடத்துக்கு நீளும் ‘டான்ஸ் டு தி மெட்லி’, அதன் பின் ‘ரைட் தி ரிதம்’ என்று போகப்போக, முதல் பாட்டையே பிரித்து மாற்றி அடுக்கித் தருகிறார்களோ என்ற சலிப்பு வந்தது. இந்தக் குழுவை இவ்வளவு பேர் கொண்டாடும்போது இந்த ஆல்பம் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது? கிரஹாமின் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் கட்டைவிரல் வாசிப்பும் இதில் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. எந்த இடத்தில் கவனிக்க வேண்டும்?

தக்கலை வானொலிப் பிரியர்:

தங்களுக்குத் தோன்றிய சலிப்பு நியாயமானதே. அதற்குக் காரணமும் இருக்கிறது.

ஸ்லை ஸ்டோன் என்று அறியப்படும் சில்வெஸ்டர் ஸ்டூவர்ட் இக்குழுவைத் தொடங்கும் முன்பே சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வானொலி அறிவிப்பாளராகவும் ஆட்டம் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் தயாரிப்பாளராகவும் பெயர் எடுத்தவர். எந்தப் பாட்டு கேட்பவரைப் பிடித்து நிறுத்தும் என்பதை வானொலியில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவர். அப்படிப்பட்டவர் 1967 அக்டோபரில் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘எ ஹோல் நியூ திங்’, சக இசைக்கலைஞர்களிடம் மதிப்புப் பெற்றதே தவிர விற்கவில்லை. அவர்களின் ஆல்பங்களை வெளியிட்ட எபிக் நிறுவனம் சிபிஎஸ் குடையின் கீழ் இருந்தது. அப்போது சிபிஎஸ் ரெக்கார்ட்ஸின் தலைவராக இருந்த கிளைவ் டேவிஸ், பொதுமக்கள் எளிதில் பிடித்துக்கொள்ளக்கூடிய வெகுஜனப் பாட்டாக ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த வற்புறுத்தலுக்குக் கிடைத்த பதில்தான் தலைப்புப் பாட்டு. 1968-இன் தொடக்கத்தில் அது அமெரிக்கப் பாப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஆல்பமோ 142-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அன்றைய கேட்பவர்களும் ஒரு பாட்டைத்தான் வாங்கினார்கள், மற்றவற்றை விட்டுவிட்டார்கள்.

குழுவுக்குள்ளேயே இந்தப் பாட்டின் மீது பெரிய பிரியம் இருக்கவில்லை. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தாள அடிகளைச் சற்று மெருகேற்றிச் சூத்திரத்துக்கு எழுதியது இது என்ற பொருளில் சாக்சபோன் கலைஞர் ஜெர்ரி மார்ட்டினி பின்னாளில் பேசியிருக்கிறார். ஒரு சூத்திரம் வென்றவுடன் அதையே நீட்டி ஆல்பத்தை நிரப்புவது அக்காலப் பதிவு நிறுவனங்களில் வழக்கமான நடைமுறைதான். ஸ்லை அதைச் செய்தார் என்பதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

மார்த்தாண்டம் நாலுகம்பி:

பேஸ் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

லாரி கிரஹாம் சிறு வயதில் தம் தாயாருடன் சேர்ந்து கேளிக்கை விடுதிகளில் வாசித்து வந்தார். தாயார் பியானோ வாசித்துப் பாடுவார், இவர் கிட்டார் வாசித்தபடியே ஆர்கனின் கால்கட்டைகளை மிதித்துக் கீழ்ச்சுரங்களைத் தருவார். அந்த ஆர்கன் பழுதானபோது தற்காலிகமாக ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். பின்னர் டிரம்ஸ் வாசிப்பவரும் இல்லாமல் போகவே, கிக் டிரம்மின் அடியைக் கட்டைவிரலால் கம்பியை அடித்தும், ஸ்நேர் டிரம்மின் ஓசையை மற்ற விரலால் கம்பியைச் சுண்டி இழுத்தும் ஈடுகட்டினார். இன்று பேஸ் பழகும் எல்லாரும் ‘ஸ்லாப்’ என்று சொல்கிற வாசிப்பு இப்படி ஒரு குறையை நிரப்பப் பிறந்தது.

இந்த ஆல்பத்தில் அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1969 இறுதியில் வந்து மறு ஆண்டு முதலிடம் பிடித்த ‘தேங்க் யூ’ என்று தொடங்கும் நீண்ட தலைப்புள்ள பாட்டில்தான் அந்த வாசிப்பு முழு உருவத்தோடு கேட்கிறது. இங்கே கேட்க வேண்டியது வேறு: தலைப்புப் பாட்டில் தம் முறை வரும்போது கிரஹாம் தம் கனத்த குரலில் அறிவித்துவிட்டு, ஃபஸ் எனப்படும் கரகரப்பை ஏற்றிய பேஸோடு உள்ளே நுழைகிறார். சோல் இசைத்தட்டுகளில் பேஸை இப்படி முன்னால் நிறுத்தி வைப்பது அன்று அரிது. நம் தேவாலயங்களில் பேஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு ஒலிக்கலவையில் அதை அமுக்கி வைப்பவர்களுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டலாம்.

குளச்சல் கரைக்காரர்:

முதல் பதிலில் சொன்ன தகவல்களோடு எனக்குப் பிணக்கில்லை, முடிவோடுதான் பிணக்கு. சூத்திரம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாது, அது என்ன சூத்திரம் என்று பார்க்க வேண்டும்.

தலைப்புப் பாட்டில் கதையும் இல்லை, காதலும் இல்லை. ட்ரம்பெட் கலைஞர் சிந்தியா ராபின்சன் எல்லாரையும் எழுந்து ஆடச் சொல்லிக் கூவுகிறார். பின் டிரம்ஸ், கிட்டார், பேஸ், ஆர்கன், ஊதுகருவிகள் என்று ஒவ்வொன்றாகத் தம்மை அறிவித்துக்கொண்டு சேர்கின்றன. நம் மாவட்டத்து வில்லுப்பாட்டில் உடுக்கையும் குடமும் தாளமும் பாட்டுக்குப் பின்னால் ஒளிந்திராமல் தாமும் பேசுவதைப் போல, இங்கே வாசிப்பவர்களில் பலர் பாடகர்களாகவும் இருக்கிறார்கள். ஒரே முன்னணிப் பாடகர், பின்னால் பெயர் தெரியாத வாத்தியக்காரர்கள் என்ற ஏற்பாட்டை மூன்றே நிமிடத்தில் உடைத்த பாட்டு இது. கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழு என்பதும், ட்ரம்பெட்டை வாசித்தவர் ஒரு பெண் என்பதும் அந்த உடைப்போடு சேர்ந்தவை. கத்தீட்ரல் திருவிழாக்களில் பேண்டு வாத்தியம் வாசிக்கும் நம் பையன்களில் எத்தனை பேர் சிந்தியா ராபின்சன் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

குரல்களை அப்படிப் பங்கிடும் பழக்கம் ஸ்லைக்கு வீட்டிலிருந்தே வந்தது. ஸ்டூவர்ட் குடும்பம் பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்த திருச்சபையில் பாடி வளர்ந்த குடும்பம். 1952-இல் அவரும் உடன்பிறந்தவர்களும் ‘ஸ்டூவர்ட் ஃபோர்’ என்ற பெயரில் நற்செய்திப் பாடல் தட்டு ஒன்றையே வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களில் தம்பி ஃப்ரெடி கிட்டாரும், தங்கை ரோஸ் கீபோர்டும் வாசித்து இக்குழுவில் இடம்பெற்றார்கள். பாடகர் குழுவில் வாசிக்கும் தங்களுக்கு இதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் பின்பாதியில் ‘ரைட் தி ரிதம்’ தவிர மற்றவை கேள்வியில் வரவே இல்லை. ‘ஆர் யூ ரெடி’ நிறத்தை வைத்து மனிதரை வெறுக்காதே, கடித்தால் கடியை மட்டும் வெறு என்கிறது. ‘டோன்ட் பர்ன் பேபி’ லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் 1965-இல் நடந்த கலவரத்தில் ஒலித்த முழக்கத்தைத் திருப்பிப் போட்டு, எரிக்காதே என்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே மாதத்தில் இந்த ஆல்பம் கடைக்கு வந்தது. ஆட்டப் பாட்டுகளை மட்டும் அடுக்கி வைத்த ஆல்பம் என்று சொல்பவர்கள் முன்பாதியோடு நிறுத்தியவர்கள்.

பார்வதிபுரம் பேஸ்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு பின்பாதியை மட்டும் தனியாகக் கேட்டேன். ‘ஆர் யூ ரெடி’ பற்றிக் குளச்சல் அண்ணன் சொன்னது சரி. ஆனால் மெட்லி இப்போதும் எனக்கு நீளமாகவே படுகிறது. அதைத் தவிர்த்துவிட்டுக் கேட்பது தவறா?

தக்கலை வானொலிப் பிரியர்:

தவறே இல்லை. நானும் பல முறை அதைத் தாண்டியிருக்கிறேன். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடுகிறது. கரைக்காரரின் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்ததைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு இழுப்பதற்கு அது போதிய காரணம் ஆகாது.

‘ஹையர்’ பாட்டை மட்டும் விடாதீர்கள். அதைக் கேட்ட கையோடு 1969-இல் வந்த நான்காவது ஆல்பமான ‘ஸ்டாண்ட்!’-இல் உள்ள ‘ஐ வான்ட் டு டேக் யூ ஹையர்’ பாட்டைக் கேளுங்கள். உட்ஸ்டாக் இசை விழாவில் பின்னிரவு நேரத்தில் பெருங்கூட்டத்தை எழுப்பிப் பாட வைத்த பாட்டு அது. இங்கே அவசரமாகப் பதிவு செய்யப்பட்ட கருத்து அங்கே வேகம் குறைந்து, பேஸும் ஹார்மோனிகாவும் கனம் கூடி, எப்படி வேறொரு பாட்டாகியிருக்கிறது என்பது கேட்டாலே விளங்கும். மோட்டவுனின் டெம்ப்டேஷன்ஸ் குழுவும் அவர்களின் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டும் 1968-லேயே ‘கிளவுட் நைன்’ பாட்டு வழியாக இந்தப் பாணிக்கு மாறினார்கள். எந்த மோட்டவுனிலிருந்து அடிகளை எடுத்ததாக மார்ட்டினி சலித்துக்கொண்டாரோ, அதே மோட்டவுன் இவர்களைப் பின்பற்றத் தொடங்கியது.

மார்த்தாண்டம் நாலுகம்பி:

மெட்லியை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம், நண்பரே. கேட்பதற்கு நீளம்தான், பயிற்சிக்கு அது நல்லது. தாளம் காட்டும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு கிரெக் எரிகோவின் டிரம்ஸோடு சேர்ந்து வாசியுங்கள். எட்டாவது நிமிடத்தில் வேகம் கூடிவிடாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஃபஸ் பெடல் இல்லையென்றால் ஆம்ப்பில் கெய்னைச் சற்று ஏற்றினாலே போதும். ஞாயிறு ஆராதனையில் மட்டும் அதை ஏற்றிவிடாதீர்கள், போதகர் திரும்பிப் பார்ப்பார்.