அப்டேட்: வால்பாறை டூ அதிரப்பள்ளி காட்டு வழி, போயிட்டு வந்தாச்சு

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, அம்மாவைக் கூட்டிக்கிட்டு மளுக்கப்பாறை காட்டு வழியா கேரளாவுல இருக்குற அதிரப்பள்ளி அருவிக்குப் போலாமா, இல்ல சாலக்குடி சுத்திப் போறதான்னு. பாதிப்பேர் காட்டு வழியே போங்கன்னீங்க, அதையே கேட்டேன், ரொம்ப நன்றி.

மளுக்கப்பாறை செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில எண்ணி, டைம் எழுதி சீட்டு குடுத்தாங்க. அங்கருந்து வாழச்சால் வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர் ஒரே காடு, சோலையார், பெரிங்கல்குத்து ரெண்டு அணையும் இந்தப் பக்கம்தான், பெரிங்கல்குத்துல கரண்ட் எடுத்துட்டு விடுற தண்ணியப் பொறுத்துதான் கீழ அருவி பெருசாவும் சிறுசாவும் தெரியுதுன்னு இப்பதான் எனக்கே புரிஞ்சுது.

ஆனா மனசுல நிக்கிறது இருவாச்சிப் பறவைதான். தலைக்கு மேல பறந்தப்ப றெக்கை சத்தம் புஸ்ஸு புஸ்ஸுன்னு அப்படியே காதுல விழுந்துச்சு, அம்மா என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. முட்டை போடுற சமயத்துல பெட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசல அடைச்சுக்கும், சின்னதா ஒரு கீறல் மட்டும் விட்டு, ஆண் அத்திப்பழம் கொண்டாந்து அது வழியா ஊட்டும். அந்தக் கூடுகளக் காவல் காக்குறதே அங்க வாழுற காடர் மக்கள்தான், அவங்களுக்குப் பெரிய கும்பிடு.

அதிரப்பள்ளி 80 அடி, கீழ எறங்குற பாதை வழுக்குது, முட்டிவலி உள்ளவங்க மேலருந்தே பாருங்க. அம்மா மேலயே உக்காந்து சாரல்ல நனைஞ்சாங்க. சார்ப்பா அருவி ரோட்டோரமே இருக்கு, எறங்கவே வேணாம்.