ஸ்கைலாபில் உண்மையிலேயே வேலைநிறுத்தம் நடந்ததா?

நூற்பாலை_ஷிஃப்ட்:
நான் நூற்பாலையில் ஷிஃப்ட் போடுகிறவன். 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்த மூன்று பேர், வேலை தாங்காமல் ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று படித்தேன். உண்மையா? மாதக்கணக்கில் அங்கே இருப்பவர்களுக்கு அட்டவணையை எப்படித்தான் போடுகிறார்கள்?

வான்நோக்கி:
நடக்கவில்லை. இந்தக் கதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. அந்த மூவரும் அவ்வளவு உழைத்தவர்கள்.

ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக். மூவருக்கும் அதுதான் முதல் பயணம். நவம்பர் 16-ல் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்ததுமே போக் வாந்தி எடுத்தார். அதைக் கீழே பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் இருந்தது. விண்வெளி வீரர்களுக்குத் தலைவராக இருந்த ஆலன் ஷெப்பர்ட் ரேடியோவிலேயே கண்டித்தார். ஆரம்பமே இப்படி.

ஆனால் பெரிய தவறு அட்டவணையில். முந்தைய குழு 59 நாள் இருந்தது. கடைசி வாரங்களில் கைபழகி, மளமளவென்று வேலை செய்தது. அந்த வேகத்தைப் புதியவர்களுக்கு முதலிலிருந்தே வைத்துவிட்டார்கள். கைக்கருவி ஒன்று மிதந்து போனால் தேடவே நேரம் ஆகும் இடம் அது. ஒரு வேலை தள்ளிப்போனால் அடுத்தது, அதற்கடுத்தது. சாப்பாட்டு நேரமும் விடுமுறை நாளும் அதிலேயே கரைந்தன. நடுவில் நிலையம் பூமியை ஒரு சுற்று சுற்றும் நேரம் முழுக்க மூவரின் ரேடியோவும் அணைந்திருந்தது. அது கவனப்பிசகு. வேலைநிறுத்தக் கதை அதிலிருந்துதான் வளர்ந்தது.

டிசம்பர் 30-ல் கார் கீழே இருப்பவர்களுடன் மனம்விட்டுப் பேசினார். அதன் பிறகு சாப்பிடும்போது வேலை சொல்வதை நிறுத்தினார்கள். சில்லறை வேலைகளுக்கு மணி குறிக்காமல் ஒரு பட்டியலாகக் கொடுத்தார்கள்: எப்போது முடிகிறதோ அப்போது செய்யலாம். ஆளும் அதே, நிலையமும் அதே. வேலை ஓடத் தொடங்கியது. ஜனவரி 21-ல் சூரியனில் ஒரு தீச்சுடர் வெடித்துக் கிளம்பியதை ஆரம்பத்திலிருந்தே கிப்சன் படம்பிடித்தார். 84 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். 1995-ல் நார்மன் தாகர்ட் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போகும்வரை வேறு எந்த அமெரிக்கரும் அதைத் தாண்டவில்லை.

கிரீன்விச்_நேரம்:
இப்போதைய பன்னாட்டு நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். கடிகாரம் கிரீன்விச் நேரம். காலை 6 மணிக்கு எழுந்து இரவு 9.30-க்குப் படுக்கை. உடற்பயிற்சிக்கு மட்டும் சுமார் இரண்டரை மணி நேரம், எடுத்து வைப்பதும் குளிப்பதற்குப் பதில் துடைத்துக்கொள்வதும் சேர்த்து. அதை யாரும் வெட்டுவதில்லை, எலும்பு தேய்ந்துவிடும். கணினித் திரையில் ஒரு சிவப்புக் கோடு நேரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும்; நீங்கள் முன்னால் இருக்கிறீர்களா, பின்னால் இருக்கிறீர்களா என்று அதைப் பார்த்தாலே தெரியும். அப்புறம், வான்நோக்கி சொன்ன பட்டியல் இன்னும் இருக்கிறது. நேரம் மிஞ்சினால் விருப்பப்பட்டுச் செய்யும் வேலைகள் அதில் போகும்.

நூற்பாலை_ஷிஃப்ட்:
ரொம்ப நன்றி. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய ஆளின் கணக்கைப் போடும் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒன்று கேட்கலாமா? சாமான் தேடும் நேரத்தையும் இப்போது கணக்கில் வைக்கிறார்களா?

கிரீன்விச்_நேரம்:
வைக்கிறார்கள். பொருள்களில் பார்கோடு இருக்கும். எந்தச் சாமான் எந்தப் பையில் என்ற குறிப்பும் அந்தந்த வேலையோடு சேர்ந்தே வரும்.