2003 ஈராக் போர்: அமெரிக்க அரசு சொன்ன ஆதாரத்தை எப்படி உடைப்பது?

பாலக்கோடு மாணவன்:
தருமபுரியில் பட்டிமன்றம். ஈராக் போருக்கு எதிரணியில் பேசணும், அஞ்சு நிமிஷம். 'போர் கொடியது'ன்னு பொதுவா பேசினா எடுபடாது. எங்கே அடிக்கலாம்?

ஓசூர் லேத்:
ஈராக் வாங்கின அலுமினியக் குழாயைப் பிடிங்க தம்பி. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில், அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்துக்குத்தான் அது வாங்கப்பட்டதுன்னு வாதாடினார். வெளிவிட்டம் 81 மி.மீ., நீளம் 900. ஈராக் முன்பே செய்துவந்த 81 மி.மீ. ராக்கெட்டின் அதே அளவு! மேல அனோடைசிங் வேற. நம்ம சிப்காட்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, அது அரிப்பு பிடிக்காம இருக்கப் போடறது. திறந்தவெளியில் கிடக்கும் ராக்கெட்டுக்கு அது வேணும். மையவிலக்குக்குன்னா உரிச்சு எடுக்கணும்.
'ராக்கெட்டுக்கு எதுக்கு இவ்வளவு துல்லியம்?'னு எதிரணி மடக்கும். அந்தத் துல்லியத்துக்குக் காரணமான ராக்கெட் வடிவமைப்பு மாற்றங்கள் ஈராக்கின் ஆவணங்களிலேயே இருந்ததை சர்வதேச அணுசக்தி முகமை பார்த்தது.

ஊத்தங்கரை அக்கா:
குழாயோட நைஜரையும் சேர்த்துக்கோப்பா. அந்த ஆப்பிரிக்க நாட்டில் ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய கடிதங்கள் போலின்னு மார்ச் 7-லேயே அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் சொல்லிட்டார். மார்ச் 20-ல் குண்டு விழுந்தது. நடுவுல 13 நாள்தான், இதை நிதானமா சொல்லு.
சட்டத்துக்கு, குவைத்தை ஈராக் பிடிச்சப்போ பாதுகாப்பு அவை போட்ட 1990-ன் 678-ஆம் தீர்மானம் 'தேவையான எல்லா வழிகளும்' என்றது, அதாவது படைபலத்துக்கும் அனுமதி. 2002-ன் 1441 'கடும் விளைவுகள்' என்றதோட நின்னுச்சு.
பலர் சறுக்குவது சதாமுக்கு வக்காலத்து வாங்கித்தான். ஹலப்ஜாவில் குர்து மக்கள் மேல சதாம் படை விஷவாயு வீசினதை நீயே முதல்ல சொல்லிடு. அது 1988. கேள்வி 2003-ல் என்ன இருந்தது என்பது.