மறு: மறு: அய்யனார் கோயில் குதிரை வசூல் (தலைக்கு 15,000)

எல்லாருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணன் மூன்றாவது தடவையாக நினைவூட்டியிருக்கிறார். என் பெயருக்கு நேரே சிவப்பில் 'பாக்கி' என்றும் போட்டிருக்கிறார். பாக்கிதான். ஏன் என்று எழுதிவிடுகிறேன், அப்புறம் பேசுங்கள்.

போன மாசம் அயித்தை வீட்டுக் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் விடியக்காலையில் நோட்டும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். அங்கே நிற்கிற மண்குதிரை அத்தனையையும் ஒவ்வொன்றாக வரைந்து முடிப்பது என்று நான்கு வருஷமாக ஒரு வேலை வைத்திருக்கிறேன். இதுவரை 61 ஆகியிருக்கிறது. அடுத்தது காது உடைந்த குதிரை, வயிற்றுக்குள் மைனா கூடு கட்டுமே, அது. போனால் அந்த இடமே இல்லை. வடக்கு வரிசை முழுவதையும் ஜேசிபி விட்டுத் தள்ளிக் கண்மாய்க் கரையில் குவித்திருக்கிறார்கள். தள்ளிய இடத்தில் கம்பி கட்டி ஜல்லி கொட்டியிருக்கிறது. சிமெண்ட் குதிரைக்கு அஸ்திவாரமாம். தீர்மானத்தில் 'கோயில் முகப்பு சீரமைப்பு' என்றுதானே படித்தீர்கள்?

குவியலில் ஒரு முன்னங்கால் கிடந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, உள்பக்கம் கட்டைவிரலால் இழுத்துவிட்ட தடம் அப்படியே இருக்கிறது. என் கட்டைவிரல் அதில் பாதிதான் நிரம்பியது. உடைந்த விளிம்பில் அரிசி அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். மண்ணோடு பிசைந்த உமி சூளையில் எரிந்துபோன இடம்.

அந்த ஓட்டையின் அருமை எனக்குச் சிங்கப்பூரில்தான் தெரிந்தது. இங்கே ஜூரோங் பக்கம் 1940-ல் கட்டிய டிராகன் சூளை ஒன்று இருக்கிறது, தௌ குவாங் மண்பாண்டக் களத்தில். பாம்பு படுத்த மாதிரி மேட்டில் ஏறிப்போகும். பக்கத்துத் துளைகளில் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தீவில் இந்த மாதிரிச் சூளை இப்போது இரண்டுதான் மிச்சம். அதை எரிக்கிற நாளில் முறை வைத்துக்கொண்டு விறகு போட ஆள் வருகிறது. போன வருஷம் அதில் வைக்க இரண்டடிக் குதிரை ஒன்று செய்தேன். கடையில் வாங்கிய பாக்கெட் களிமண், மணலும் இல்லை உமியும் இல்லை. காயும்போதே கழுத்தில் விரிசல். பூசி மெழுகி உள்ளே வைத்தேன். வெளியே வரும்போது தலை தனி, உடம்பு தனி. படம் எடுத்து, ஊரில் மண்குதிரை செய்கிற வேளார் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அரை நிமிஷம் சிரித்துவிட்டு, "காலு காயிறதுக்குள்ள கழுத்துக்கு என்ன ஆத்தா அவசரம்? ஈரச்சாக்கைப் போட்டு மூடி வச்சியா?" என்றார். மூடவில்லை. இந்த வருஷம் உமி சேர்த்து மறுபடி செய்கிறேன். அந்த 61 படத்தோடு அதையும் வைத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் காட்டலாம் என்று ஆசை.

சிமெண்டுக்கு இரண்டு காரணம் சொல்கிறீர்கள். மண் எடுக்க அனுமதி கிடைக்காது என்பது ஒன்று. கண்மாயில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-லேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். யாராவது மனு கொடுத்தீர்களா? அடுத்தது, மண்குதிரை நாலு மழைக்குக் கரைந்துவிடும் என்பது. சரி, கரையட்டும். புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரத்தில் இறங்கி இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் பழசு மண்ணாகிக்கொண்டிருக்கிறது. ஒருத்தரும் அதைக் கூட்டித் தள்ளவில்லை. கரைவதால்தானே குதிரை செய்யச் சொல்லி மறுபடி ஒரு பிடி மண், பிடிமண், கொடுக்கிறோம், வேளார் வீட்டில் செய்கிறார்கள், மூங்கிலில் கட்டி ஊரே தூக்கி வருகிறது. சிமெண்டில் ஒருமுறை நிறுத்திவிட்டால் புரவி எடுப்புத் திருவிழாவில் எதை எடுப்பீர்கள்?

மண்குதிரை என்றால் 15,000 இல்லை, 30,000 தருகிறேன். சிமெண்டுக்கு ஒரு ரூபாயும் இல்லை. வளைவுக்கு நான் வாங்கிப்போட்ட பெயிண்ட் காசு இன்னும் வரவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளவும்.

கீழவீட்டுப் பொண்ணு, சிங்கப்பூர்

----

தங்கச்சிக்கு,

உணர்ச்சி வேறு, கணக்கு வேறு. 12 அடிக் குதிரை இரண்டுக்கு மொத்தம் 6,40,000. முன்பணம் 1,50,000 கொடுத்தாகிவிட்டது, ரசீது இருக்கிறது. ஜேசிபி நாலு மணி நேரம், மணிக்கு 1,200. இதுவரை வரவு 2,85,000. நாளைக்கு மண்குதிரை என்று மாற்றினால் முன்பணம் திரும்பாது. அதை யார் ஏற்பது என்று எழுதிவிட்டு மற்றதைப் பேசவும். பெயிண்ட் காசு: கடை ரசீதில் நாலு டப்பா, வளைவில் மூன்று டப்பாவுக்கு மேல் போயிருக்காது.

பொருளாளர், அபுதாபி

----

மருமகளே,

படம் நல்லா வரையிற, ஒத்துக்கிறேன். ஆனால் குளமங்கலம் அய்யனார் கோயிலில் 33 அடிக் குதிரை நிற்கிறது. மாசிமகத்துக்குத் தலையிலிருந்து கால் வரைக்கும் காகித மாலையாகப் போட்டு மூடிவிடுகிறார்கள், ஜனம் அலைமோதுகிறது. நம் ஊருக்கு 12 அடி கூட வேண்டாமா? இங்கே மலேசியாவில், கிள்ளானில் சம்பந்தி வீட்டுக்காரர் உங்கள் ஊர்க் கோயில் எது என்று கேட்கிறார், மூக்குடைந்த குதிரையைக் காட்டுவதா?

அந்த மைனாக் குதிரை தள்ளினது எனக்கும் தெரியாது. அதைத் தூக்கி வந்த வருஷம் எனக்கு 13 வயசு. வால் பக்கம் பிடித்தேன். சாரல், வாய்க்கால் வரப்பில் சறுக்கிவிட்டது. குதிரை சாய்கிறது, எங்கப்பா ஓடிவந்து என்னை மிதித்துக்கொண்டு குதிரையைப் பிடித்தார். காதில் மட்டும்தான் அடி. வீட்டுக்கு வந்து எனக்குத் தனியாக விழுந்தது. அது வேறு கதை. பொருளாளர் மணிக்கு 1,200 எழுதியிருக்கிறார், அந்த வண்டி அவர் மச்சினன் வண்டி என்பதையும் எழுதியிருக்கலாம். பொதுக்கிணறு தூர் வாரினபோதும் இதே கதைதான்.

மாமா

----

அனைவருக்கும் வணக்கம். நான் இதில் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. அப்பாவுக்கு இந்த மடல்களைப் போனில் படித்துக் காட்டினேன். குதிரை சிமெண்டா மண்ணா என்பது ஊர் முடிவு, அதில் தான் சொல்ல ஒன்றும் இல்லை என்றார். பிடிமண் இந்த வருஷம் உண்டா இல்லையா என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார். வைக்கோல் இப்போதே வாங்கிப் போட வேண்டுமாம். சிங்கப்பூர் அக்காவுக்கு: உமி ரொம்பப் போட்டுவிட வேண்டாம், பிடிப்பு இருக்காது என்று சொல்லச் சொன்னார்.

வேளார் வீட்டுச் சின்னவன், தோஹா